கொள்ளு காயும் ரோட்டில் அறுபது கிலோமீட்டர்

மதுரை மாட்டுத்தாவணியில் ஆரம்பித்து ஒத்தக்கடை, தெற்குத்தெரு, அரிட்டாபட்டி, அ.வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி, அழகர்கோவில், கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி வழியாக மறுபடியும் மாட்டுத்தாவணி. என் சைக்கிள் மீட்டரில் 60 கிலோமீட்டரை ஒட்டி வரும். நாலு வருசமாக இந்தச் சுற்றை மாதம் ஒரு தடவையாவது போய்க்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் கூட வருவது என் சித்தி மகள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். மலையேற்றம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ஆனால் தட்டையான ரோடும் இல்லை. கண்மாய்க் கரைக்கு ஒரு ஏற்றம், கரையை விட்டு இறங்கினால் வயல், அதைத் தாண்டினால் பாறைக் குன்றைச் சுற்றி இன்னொரு மேடு, இப்படியே போய்க்கொண்டிருக்கும். வாரத்தில் ரெண்டு நாள் 20, 25 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் யாரும் போய் வரலாம்.

போகலாமா என்று கேட்கிறவர்கள் எல்லாரும் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம், எந்த டயர் என்றுதான் கேட்கிறார்கள். வயலில் இப்போது என்ன வேலை நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் முதல் ரெண்டு வருசம் கேட்டதில்லை. இந்தச் சுற்றில் நாலுவழிச் சாலையை விட்டு இறங்கியதிலிருந்து அழகர்கோவில் வரைக்கும் ரோடு பாதி ரோடு, பாதி களத்துமேடு. தண்ணீர் எப்போது வரும், அறுப்பு எப்போது, எந்த மாதம் ரோட்டில் எதைக் காயப்போடுவார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் பயணமே வேறு மாதிரி இருக்கும்.

முதலில் திசை. ஒத்தக்கடைப் பக்கமாகப் போய் அழகர்கோவில் பக்கமாகத் திரும்புங்கள், மாற்றிப் போகாதீர்கள். மேலூர் போகும் நாலுவழிச் சாலை வடகிழக்காகப் போகிறது, அதில் நிழல் கிடையாது. மாற்றிச் சுற்றினால் ஒன்பது மணி வெயிலில், லாரிகளோடு லாரியாக, கடைசி 20 கிலோமீட்டரை அந்த ரோட்டில் ஓட்ட வேண்டியிருக்கும். ஆடி மாதமாக இருந்தால் எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆடிக்காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும், காலையில் அடங்கிக் கிடந்துவிட்டு வெயில் ஏற ஏற வேகம் பிடிக்கும். அழகர்கோவில் ரோட்டிலும் திரும்பும்போது அந்தக் காற்று இருக்கும்தான், ஆனால் அங்கே அங்கங்கே மரம் உண்டு, நிறுத்திக்கொள்ளக் கடை உண்டு.

இன்னொரு விசயம் சூரியன். இதை நான் பயந்து கற்றுக்கொண்டேன். ஒரு தடவை ஆறு மணிக்குக் கிளம்பி, ஆறரை வாக்கில் நாலுவழிச் சாலையில் இருந்தோம். சூரியன் நேராக முகத்தில் அடித்தது. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு ஓட்டும்போதுதான் மண்டையில் உறைத்தது, எனக்குப் பின்னால் வரும் லாரிக்காரருக்கும் இதே வெயில்தான் கண்ணாடியில் அடிக்கிறது, அவருக்கு நான் தெரிவேனா என்று. அன்றைக்கே இறங்கி ஓரத்தில் உருட்டிக்கொண்டு போனோம். அதற்கப்புறம் அஞ்சு மணிக்குமேல் வீட்டில் இருப்பதில்லை. பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் எல்லாம் சர்வீஸ் ரோடு, வெயில் விழுவதற்குள் தெற்குத்தெருப் பக்கம் இடது கைக்கு இறங்கிவிட வேண்டும். மற்றதில் எல்லாம் உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள், இதில் மட்டும் வேண்டாம்.

ஒத்தக்கடையில் இருட்டு விலகும் நேரத்தில் யானைமலை தெரியும். படுத்திருக்கும் யானை என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தைதான், ஆனால் சைக்கிளில் அதன் பக்கவாட்டில் தும்பிக்கையிலிருந்து வால் வரைக்கும் நகரும்போது அதன் நீளம் உடம்பில் உறைக்கிறது. அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரை இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி கி.பி. 770-ல் குடைவித்தது, அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தது. போகிற வழியில் அதையும் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், நேரம் போய்விடும். அதற்கு ஒரு சாயங்காலம் தனியாக வாருங்கள்.

அரிட்டாபட்டிக்குத் திரும்பியதும் லாரிச் சத்தம் நின்றுபோகும். முதலில் கேட்பது மயில், அப்புறம் தண்ணீர் இறைக்கும் மோட்டார். ஏழு குன்றுகள், அதன் அடியில் கண்மாயும் குட்டையும் சுனையுமாகத் தண்ணீர் தேங்கும் இடங்கள், அதை நம்பி வயல். குன்றில் விழும் மழை பாறையில் வழிந்து சுனைக்கும் கண்மாய்க்கும் வருகிறது, ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகிறது. இங்கே இருக்கும் ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தது. அதன் கரையில் நின்று பார்த்தால், குன்றில் எட்டாம் நூற்றாண்டு வாக்கில் குடைந்த சிவன் கோயில், சமணத் தீர்த்தங்கரர் சிற்பம், அதற்கும் மூத்த, தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டு என்று எல்லாம் ஒரு நடைக்குள் இருக்கிறது. 2022-ல் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ரெண்டையும் சேர்த்து 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது, தமிழ்நாட்டில் அதுதான் முதல். அப்புறம் இந்தப் பக்கத்து நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, 2025 ஜனவரியில் ஊர் ஊராக ஜனம் திரண்டு நாங்கள் சைக்கிள் ஓட்டிவரும் அதே நாலுவழிச் சாலையில் மதுரைக்கு நடந்தது. அதே மாதம் ஏலம் ரத்தானது. ஒவ்வொரு தடவை அந்தக் கரையில் நிற்கும்போதும் அந்த நடை ஞாபகம் வந்து எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

ஒரு வேண்டுகோள். இந்தக் குன்றுகளில் லகுடு வல்லூறு போன்ற அரிய பறவைகள் இருக்கின்றன. பாறையில் ஏறிக் கத்துவது, ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டுக்கொண்டு போவது, ட்ரோன் விடுவது எதுவும் வேண்டாம். சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு பத்து நிமிசம் சும்மா உட்காருங்கள், அது அதுவாகவே வரும்.

அரிட்டாபட்டியிலிருந்து வல்லாளப்பட்டி, அங்கிருந்து கிடாரிப்பட்டி. இந்தச் சுற்றின் உயிர் இந்தப் பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர்தான், நான் இவ்வளவு எழுத உட்கார்ந்ததும் இங்கே நடந்த ஒரு சம்பவத்தால்தான். போன தை கடைசி. நெல் அறுப்பு முடிந்து வயலெல்லாம் தாளாக நின்றது, சில இடத்தில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். ஒரு வளைவு திரும்பினால் ரோட்டின் இடது பாதி முழுக்கக் கொள்ளு. செடியோடு பிடுங்கி, கொடி கொடியாகப் பரப்பி, ஓரத்தில் கல்லை வைத்து மறித்திருந்தார்கள். வண்டிகள் மிதித்துப் போகப் போகக் காய் உடையும், சாயங்காலம் கொடியை உதறி எடுத்துவிட்டுப் பயறைக் கூட்டி அள்ளிக்கொள்வார்கள். எதிரில் டிராக்டர் வந்தது. வலது பாதிக்கு ஒதுங்க வழியில்லை, நின்றிருக்கலாம், ஆனால் நான் நிற்கவில்லை. காய்ந்த செடிதானே, மெதுவாக ஏறிப் போய்விடலாம் என்று போனேன்.

இருபது அடி கூடப் போயிருக்க மாட்டேன். பெடல் இறுகியது, பின்னால் டடடட என்று ஒரு சத்தம், சக்கரம் நின்றது, நான் இடது பக்கம் கொள்ளு மேலேயே சாய்ந்தேன். அடி ஒன்றுமில்லை, முழங்கை மட்டும் உரசியது. இறங்கிப் பார்த்தால், பின் பல்சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் கொள்ளுக்கொடி கயிறு திரித்த மாதிரி சுற்றி இறுகிக் கிடக்கிறது, அந்த இழுப்பில் டீரெய்லர், அதாவது கியர் மாற்றும்போது செயினைப் பல் விட்டுப் பல் நகர்த்தும் கருவி, பின்னால் போய் வளைந்து நிற்கிறது. நெல் வைக்கோல் என்றால் அறுந்துவிடும். கொள்ளுக்கொடி அறுகாது. நார் மாதிரி, இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போனது.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் எழுந்து வந்தார். எழுபது இருக்கும். நான் அவருடைய பயறை மிதித்துக் குழப்பி வைத்திருக்கிறேன், திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏத்தா, எறங்கி உருட்டிட்டு வந்துருக்கலாம்ல. கையால இழுக்காத, உள்ள போயிரும்."

இடுப்பில் செருகியிருந்த, பல் வைத்த கருக்கருவாளை எடுத்தார். சைக்கிளை மரத்தடிக்குக் கொண்டுவரச் சொல்லி, தலைகீழாகக் கவிழ்க்கச் சொல்லி, அரிவாளின் மூக்கைப் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு ஒவ்வொரு இழையாக அறுத்தார். அறுத்த துண்டைக் கீழே போடவில்லை, காய் இருந்ததை எல்லாம் உள்ளங்கையில் உருவிப் பயறை மடியில் போட்டுக்கொண்டார். அரை மணி நேரம் ஆனது. செயினில் உரசும்போதெல்லாம் அரிவாள் கிரீச் என்றது. "பல்லு போயிரும் அப்பத்தா, விடுங்க, நான் கத்திரி வச்சுப் பாக்குறேன்" என்றேன். "இது போனா இன்னொண்ணு, ஒனக்கு வெயிலு ஏறுதுல்ல" என்றார்.

களம் இருக்க ஏன் ரோட்டில் போடுகிறீர்கள் என்று என் தங்கச்சி கேட்டாள், குறையாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். "களத்துல போட்டா மாடு வேணும், டிராக்டரு வேணும், வாடகை வேணும். நெல்லுக்கு மெசினு வந்துருச்சு, இந்த ஒரு காணிக் கொள்ளுக்கு எந்த மெசினு வரும்? இங்கன போட்டா பஸ்ஸே மிதிச்சிருது" என்றார். அப்புறம் தூக்குவாளியிலிருந்து நீராகாரம் ஊற்றிக் கொடுத்தார், உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ள. நான் வாங்கி வைத்திருந்த எந்தப் பவுடரும் அந்த வெயிலில் அப்படி உடம்பைத் தூக்கி நிறுத்தியதில்லை. வியர்வையில் போவது தண்ணீர் மட்டுமில்லை, உப்பும்தான். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்துக்கொண்டே போனால் தலை சுற்றத்தான் செய்யும். இப்போதெல்லாம் ரெண்டு பாட்டிலில் ஒன்று உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர், ரெண்டு மணி நேரத்துக்குள் அது காலியாகிவிட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு சைக்கிளில் கற்றது. டீரெய்லர் எதிலாவது சிக்கி இழுபட்டால், சிக்கலை எடுத்ததும் ஏறி உட்கார்ந்து ஓட்டிவிடாதீர்கள். பின்னால் குனிந்து நின்று பாருங்கள். கீழே தொங்கும் ரெண்டு சின்னச் சக்கரமும் பல்சக்கரத்துக்கு நேர்கீழாக நிற்கிறதா, உள்பக்கம் சாய்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால் அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. அந்த நிலையில் ஏற்றத்துக்காகப் பெரிய பல்லுக்கு கியர் மாற்றினால் செயின் தாண்டிப் போய்க் கம்பியில் மாட்டும், டீரெய்லரும் போகும், சக்கரமும் போகும். எனக்கு வளைந்திருந்தது. நடுப்பல் ஒன்றில் வைத்து, அதற்கப்புறம் கியரைத் தொடாமல், ஏற்றத்தில் இறங்கித் தள்ளி வீடு வந்து சேர்ந்தேன். ஹேங்கர் சின்ன அலுமினியத் துண்டு, உடைய வேண்டியது அது உடைந்து மற்றதைக் காப்பாற்றத்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் சைக்கிளுக்குப் பொருந்தும் ஹேங்கர் ஒன்றை வாங்கிப் பையில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம், அவசரத்துக்குக் கடையில் கிடைக்காது.

ரோட்டில் எது காய்ந்தாலும், கொள்ளோ எள்ளோ உளுந்தோ கேப்பையோ, இறங்கி உருட்டுங்கள். சைக்கிளுக்காக மட்டும் சொல்லவில்லை, அது ஒருத்தருடைய ஆறு மாசச் சாப்பாடு. தை, மாசியில் வருகிறவர்கள் இதற்கென்றே அரை மணி நேரம் கூட வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கிடாரிப்பட்டி தாண்டும்போது வலது கைப் பக்கம் நீளமாக வருவது அழகர்மலை. அந்த ஊருக்கு மேலே மலையில் ஒரு பெரிய குகைத்தளம், பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். ஊரில் விசாரித்துத்தான் ஏற வேண்டும், வெயிலுக்கு முன்னால் ஏற வேண்டும். அங்கே சமணத் துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள் பெயரெல்லாம் தமிழி எழுத்தில் பாறையில் இருக்கிறது, ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தையது. அரசன் பெயரைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். உப்பு வணிகன், அறுவை வணிகன் என்கிற துணி வியாபாரி, பொன்கொல்லன், அப்புறம் கொழு வணிகன், கலப்பையின் நுனியில் மாட்டும் இரும்பு இருக்கிறதே, அதை விற்கிறவன். சிலர் மதுரைக்காரர்கள் என்று ஊர்ப் பெயரோடே வெட்டியிருக்கிறது. அவர்கள் உப்பும் இரும்பும் ஏற்றிக்கொண்டு வந்தது ஏறத்தாழ நாம் ஓட்டும் இந்த வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. உழுகிற நிலம் இங்கே இருந்ததால்தானே கொழு விற்க ஆள் வந்திருக்கிறான். கீழே இறங்கி வயல் ஓரமாக ஓட்டும்போது அந்த ஒரு வார்த்தை, கொழு வணிகன், கூடவே வரும்.

அழகர்கோவிலில் சாப்பாடு. கோயில் தோசைப் பிரசாதம் தடிமனாக, நெய்யும் மிளகுமாக இருக்கும், எனக்கு உயிர். ஆனால் இன்னும் 18 கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது, ரெண்டு பேருக்கு ஒன்று போதும், மீதியைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கோயிலுக்குள் போவதாக இருந்தால் சைக்கிள் உடைக்கு மேல் உடுத்த ஒரு வேட்டியோ, பெண்கள் என்றால் சுடிதார் பேண்டும் துப்பட்டாவுமோ சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பெண்களுக்காகச் சொல்கிறேன்: கழிப்பறை என்று நம்பிப் போகக்கூடியது ஒத்தக்கடை வட்டாரத்து பெட்ரோல் பங்க், அப்புறம் அழகர்கோவில், ரெண்டுதான். நடுவில் கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வல்லாளப்பட்டிப் பக்கம் ஏதாவது வீட்டில் கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

அங்கிருந்து மதுரைக்கு வருவது சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் ரோடு. வழியெல்லாம் அவர் தங்கிப் போகும் மண்டகப்படிகள், மூன்றுமாவடியில் எதிர்சேவை. திருவிழா நாட்களில் இந்தச் சுற்றை மறந்துவிடுங்கள், ரோடு முழுக்க ஜனம்தான். மற்ற நாளில் மண்டபத்து நிழலில் பத்து நிமிசம் காலை நீட்டலாம்.

கள்ளந்திரியில் பெரியாறு பிரதானக் கால்வாயைப் பார்த்துவிட்டுப் போங்கள். 1895-ல் பென்னிகுயிக் கட்டிய அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் விழுந்து, வைகையில் சேர்ந்து, 1959-ல் கட்டிய வைகை அணையில் தேங்கி, பேரணையில் பிரிந்து இங்கே வருகிறது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். அதற்கு அந்தப் பக்கம் மேலூர் வட்டாரம் ஒருபோகம். அணையில் தண்ணீர் இருந்தால் இருபோகத்துக்கு ஜூன் வாக்கில் திறப்பார்கள், ஒருபோகத்துக்கு செப்டம்பர் வாக்கில். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு ஒரே நாளில் பார்த்த ரெண்டு காட்சி புரிந்தது: கிடாரிப்பட்டிக்குக் கிழக்கே ஆகஸ்டில் நிலம் வெடித்துக் கிடக்கும், கள்ளந்திரி தாண்டினால் பச்சைப் பசேல் என்று இருக்கும். நான் பரிந்துரைப்பது அக்டோபர் கடைசியிலிருந்து மாசி வரை. கார்த்திகையில் மேலூர்ப் பக்கம் நடவு முடிந்து பச்சையாக இருக்கும், மார்கழியில் பொங்கலுக்கான செங்கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். மழைக்காலத்தில் மட்டும் கவனம், டிராக்டர் இழுத்துவந்த சேறு வளைவுகளில் வழுக்கும்.

மற்றதெல்லாம் சின்ன விசயங்கள். டயர் 32 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. கண்மாய்க் கரைகளில் சீமைக்கருவேல முள் கிடக்கும், நிழல் என்று அந்த மரத்தடியில் சைக்கிளை நிறுத்தாதீர்கள், நான் ஒரே நாளில் மூன்று பஞ்சர் பார்த்தது அப்படித்தான். முள் குத்தினால் ட்யூபை மாற்றுவதற்கு முன்னால் டயரின் உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டி முறிந்த முனையைத் தேடி எடுங்கள், இல்லாவிட்டால் புது ட்யூபும் அஞ்சு நிமிசத்தில் போகும். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடங்கள், முக்கால்வாசி அங்கேயே விட்டுவிடும். ஊருக்குள் வேகத்தடைகளுக்கு வெள்ளை அடித்திருக்காது.

அந்தக் கருக்கருவாள் மட்டும் என் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அவர் கையில் பார்த்தேன், மூக்குப் பக்கம் ஒரு விரல் நீளத்துக்குப் பல் மழுங்கிப்போயிருந்தது. அடுத்த மாதம் டவுனில் ஓர் இரும்புக் கடையில் புதிதாக ஒன்று வாங்கி, பேப்பரும் சணலும் சுற்றி, சைக்கிள் நடுக்கம்பியில் கட்டிக்கொண்டு போனோம். வேப்பமரத்தடியில் ஆள் இல்லை. விசாரித்து வீட்டுக்குப் போனோம். ரோடு காலியாக இருந்தது, கொள்ளு மூட்டை ஒன்று திண்ணையில் சாய்ந்திருந்தது.

பேப்பரைப் பிரித்து, கட்டைவிரலைப் பல்லில் வைத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"பல்லு நெருக்கமா இருக்கு. நெல்லுக்கு ஆகாது, வரப்புல புல்லறுக்க ஆகும்" என்றார். கூரை ஓலையில், பழையதுக்குப் பக்கத்தில் செருகிவிட்டு, "கொள்ளுக் கொஞ்சம் கட்டித் தாரேன், ரசம் வைய்யி" என்று உள்ளே போனார்.